மண்ணல்ல, மனிதனே!

(பட்டிமன்றத் தலைப்பு: ஒரு நாட்டின் வாழ்வைத் தீர்மானிப்பது மண்ணா, மனிதனா? இடம்: சுருளிப்பட்டி. 'மனிதனே' அணியின் நிறைவு உரை.)

நடுவர் அவர்களே! எதிரே உட்கார்ந்து என்னையே முறைத்துக்கொண்டிருக்கும் 'மண்' அணி நண்பர்களே! தோட்டத்துப் பந்தலில் பன்னீர் திராட்சையைத் தொங்கவிட்டுவிட்டு, இந்தப் பந்தலுக்குக் கீழே வந்து உட்கார்ந்திருக்கும் சுருளிப்பட்டிப் பெரியோர்களே, தாய்மார்களே! சாப்பாட்டுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு வீட்டிலிருந்து தொலைக்காட்சியில் பார்க்கும் அன்பு நெஞ்சங்களே!

எனக்கு முன்னால் பேசிய அம்மையார் அருமையாகப் பேசினார். "மலை இருந்தால் மழை. மழை இருந்தால் ஆறு. ஆறு இருந்தால் சோறு. இதில் மனிதன் எங்கே வந்தான்?" என்று கேட்டார். அம்மா, மனிதன் சோற்றுக்கு வந்தான்! (சிரிப்பு) திங்க மட்டும் வந்தவனா, ஆக்கவும் வந்தவனா என்பதுதான் இன்றைய வழக்கு.

அம்மையார் தொல்காப்பியரைச் சாட்சிக்குக் கூப்பிட்டார். நானும் கூப்பிடுகிறேன், அவர் இரண்டு அணிக்கும் பொதுச் சாட்சி. மலை குறிஞ்சி, காடு முல்லை, வயல் மருதம், கடல் நெய்தல் என்று நான்கு நிலம் வகுத்தார். பாலைக்கு என்று தனியாக நிலம் வகுக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் தன் இயல்பு கெட்டுப் போனால் அதுதான் பாலை என்று பின்னால் வந்த இளங்கோவடிகள் சிலப்பதிகாரத்தில் விளக்கினார். அதாவது என்ன? நிலம் பிறந்தபடியே கிடக்காது, மாறும். மாறும் என்று ஒப்புக்கொண்டால், மாற்றுவது யார் என்று கேட்க வேண்டாமா?

உங்க ஊரையே எடுத்துக்குங்க. தேக்கடி மலைக்கு அந்தப் பக்கம் மழை கொட்டோ கொட்டுன்னு கொட்டுது. இந்தப் பக்கம் மழை மறைவுப் பிரதேசம். பெரியாறு அந்தப் பக்கமே ஓடி அரபிக்கடலில் விழுந்துகொண்டிருந்தது. மண்தான் தீர்மானிக்கும் என்றால், தீர்ப்பு அன்றைக்கே எழுதியாகிவிட்டது. அந்தப் பக்கம் வெள்ளம், இந்தப் பக்கம் பள்ளம்! (கைதட்டல்) 1876-லிருந்து 1878 வரை சென்னை மாகாணத்தைத் தாது வருஷப் பஞ்சம் வாரிக்கொண்டு போனது. செத்தவர்கள் லட்சக்கணக்கில். மண் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தது.

சும்மா இருக்காதவன் மனிதன். இந்த ஆற்றைக் கிழக்கே திருப்பலாமா என்று முதலில் யோசித்தது வெள்ளைக்காரன் இல்லை. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இராமநாதபுரம் சேதுபதி சீமையின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை யோசித்தார். வழி பார்த்துவர மலைக்கு ஆள் அனுப்பினார். கையில் காசு இல்லை, கைவிட்டார். அந்தக் கனவு நூறு வருஷம் காத்துக் கிடந்தது. 1886-ல் திருவிதாங்கூரோடு ஒப்பந்தம் கையெழுத்தானது. 8,000 ஏக்கர், ஏக்கருக்கு 5 ரூபாய் குத்தகை, 999 வருஷம். 1887-ல் கர்னல் பென்னிகுவிக் வேலையைத் தொடங்கினார். சுண்ணாம்பும் சுர்க்கியும் குழைத்து அணை கட்டினார்கள். மலையைக் குடைந்து ஏறக்குறைய 5,700 அடிக்குச் சுரங்கம் வெட்டினார்கள். மலேரியாவிலும் காலராவிலும் நூற்றுக்கணக்கான தொழிலாளிகள் மாண்டார்கள். பென்னிகுவிக் பேரைப் பிள்ளைக்கு வைக்கிறோம், படத்துக்கு முன்னால் பொங்கல் வைக்கிறோம், லோயர் கேம்ப்பில் 2013-ல் மணிமண்டபமும் திறந்தாகிவிட்டது. பேர் தெரியாமல் காட்டில் புதைந்த அந்தக் கூலிக்காரர்களுக்கும் சேர்த்துத்தான் அந்தப் பொங்கல் என்று நான் நினைத்துக்கொள்கிறேன்.

1895 அக்டோபர் 10-ஆம் தேதி கவர்னர் வென்லாக் பிரபு அணையைத் திறந்துவைத்தார். மேற்கே போன ஆறு கிழக்கே திரும்பியது. கம்பம் பள்ளத்தாக்கில் மட்டும் சுமார் 14,700 ஏக்கர் இருபோகம் ஆனது. உங்க பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. "பார்த்தீர்களா, பேரிலேயே புவி இருக்கிறது, மனிதன் எங்கே?" என்று எதிரணி கேட்கும். ஐயா, புவியா வந்து கவாத்து வெட்டுச்சு? (சிரிப்பு, கைதட்டல்)

இத்தோடு நான் உட்கார்ந்துவிடலாம். ஆனால் அது நேர்மையாகாது. ஏனென்றால் ஆற்றைத் திருப்புகிற இதே வேலையை இன்னொரு தேசத்து மனிதனும் செய்தான். அவன் கதையையும் சொன்னால்தான் என் வாதம் முழுசாகும்.

என் வயதுக்காரர்களுக்குச் 'சோவியத் நாடு' பத்திரிகை ஞாபகம் இருக்கும். வழவழன்னு தாள். படித்தவர்களை விடப் பள்ளிக்கூடப் புத்தகத்துக்கு அட்டை போட்டவர்கள்தான் அதிகம்! (சிரிப்பு) என் பூகோளப் புத்தகத்து அட்டையில் கண்ணுக்கு எட்டிய தூரம் பருத்திக் காடு, நடுவில் சிரித்த முகத்தோடு பெண்கள். அந்தப் பருத்திக்குத் தண்ணீர் எங்கேயிருந்து வந்தது என்பதை மட்டும் அந்த அட்டை சொல்லவில்லை.

ரஷ்யாவுக்குத் தெற்கே மத்திய ஆசியா. இன்றைய உஸ்பெகிஸ்தான், கஜகஸ்தான், துர்க்மேனிஸ்தான் எல்லாம் அங்கேதான். நம் சரித்திரப் புத்தகத்தில் வரும் பாபர் அந்தப் பக்கத்துப் பர்கானாக்காரர். இந்துஸ்தானத்தில் நல்ல திராட்சை கிடைக்கவில்லை, நல்ல முலாம்பழம் கிடைக்கவில்லை என்று எழுதிவைத்துவிட்டுப் போனார். பாவம், சுருளிப்பட்டிப் பந்தலைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை! (கைதட்டல்) பாதிக்கு மேல் பாலைவனமாகக் கிடக்கும் அந்தச் சீமைக்கு உயிர் கொடுத்தவை இரண்டு ஆறுகள், அமு தாரியா, சிர் தாரியா. பனிமலையில் பிறந்து, பாலைவனத்தைக் கடந்து, ஆரல் கடலில் போய்ச் சேர்ந்தன. கடல் என்று பேர்தானே தவிர அது ஏரி. ஒரு காலத்தில் உலகத்தில் நாலாவது பெரிய ஏரி. 1960-ல் அதன் பரப்பு 68,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டில் பாதி!

அந்த மண்ணுக்குப் பருத்திப் பைத்தியம் எப்படிப் பிடித்தது? 1861-ல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் வெடித்தது. அமெரிக்கப் பருத்தி வரத்து நின்றதும் உலகமெங்கும் விலை ஏறியது. நம் நாட்டுப் பருத்திச் சந்தையும் அப்போது சூடானது. ரஷ்ய ஆலைகளும் பஞ்சுக்குத் தவித்தன. 1865-ல் ஜார் மன்னரின் படை தாஷ்கண்டைப் பிடித்தது. மண்ணாசை, எல்லைப் பயம், வியாபாரம் எல்லாம் சேர்ந்த படையெடுப்பு அது. பிறகு தானியம் விளைந்த வயலெல்லாம் மெல்ல மெல்லப் பருத்திக்கு மாறியது. 1906-ல் தாஷ்கண்டுக்கும் ரஷ்யாவுக்கும் நேராக ரயில் பாதை முடிந்ததும், பஞ்சு வடக்கே போனது, சாப்பிடுகிற தானியம் வடக்கேயிருந்து வந்தது. தன் வயலில் விளைவதைத் தின்ன முடியாது, தின்பது தன் வயலில் விளையாது!

1917-ல் புரட்சி வந்தது. ஜார் போனார், பருத்தி போகவில்லை. பள்ளிக்கூடம் வந்தது, ஆஸ்பத்திரி வந்தது, மின்சாரம் வந்தது, எழுத்தறியாத ஜனங்கள் எழுதப் படிக்கக் கற்றார்கள். அதை மறைத்தால் நான் வாத்தியார் இல்லை. கூடவே வருஷத்துக்கு இத்தனை டன் பருத்தி என்ற இலக்கும் வந்தது. 1954-ல் காராகும் பாலைவனத்தில் கால்வாய் வெட்ட ஆரம்பித்தார்கள். அடியில் கல்லும் இல்லை, சிமெண்டும் இல்லை, அத்தனையும் மணல். தண்ணீரில் கணிசமான பங்கு வழியிலேயே மண்ணுக்குள் இறங்கியது. ஆனாலும் பருத்தி பெருகியது. சோவியத் பருத்தியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை உஸ்பெகிஸ்தான் ஒன்றே கொடுத்தது. பருத்திக்கு அவர்கள் வைத்த பேர் வெள்ளைத் தங்கம். 1961-ல் யூரி ககாரின் விண்வெளிக்குக் கிளம்பிய பைகனூர் தளம் இருப்பது எங்கே தெரியுமா? அதே சிர் தாரியா கரையோரத்தில்! மனிதன் வானத்துக்கு ஏறிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் ஆறு இறங்கிக்கொண்டிருந்தது. (கைதட்டல்)

அப்புறம்? ஆரல் கடல் வற்றியது. மொய்னாக் என்று ஒரு துறைமுகம். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் மீனை நம்பிப் பிழைத்த கரை அது. அந்தக் கடலில் ஒரு காலத்தில் வருஷத்துக்கு 40,000 டன்னுக்கு மேல் மீன் பிடித்தார்கள். கடல் பின்வாங்கப் பின்வாங்க, படகுக்காரர்கள் கால்வாய் தோண்டிக்கொண்டு அதன் பின்னாலேயே ஓடினார்கள். எட்ட முடியவில்லை. மீன் பதப்படுத்தும் தொழிற்சாலையை மூடக்கூடாது என்று ஆயிரக்கணக்கான மைல் தாண்டி வேறு கடல் மீனை ரயிலில் கொண்டுவந்து டப்பாவில் அடைத்தார்கள். கடற்கரை ஊருக்கு ரயிலில் மீன்! இன்றைக்கும் அங்கே துருப்பிடித்த கப்பல்கள் மணல்மேல் நிற்கின்றன. பருத்திக்கு அடித்த மருந்தும் உப்பும் கலந்த புழுதி காற்றில் எழுந்து குழந்தைகளின் நெஞ்சுக்குள் போனது. முல்லையும் குறிஞ்சியும் பாலையாகும் என்றுதான் இளங்கோவடிகள் சொன்னார். நெய்தல் பாலையாகும் என்று அவருக்கே தெரியாது!

நடுவர் அவர்களே, இங்கேதான் எதிரணி கேட்க வேண்டும்: "அங்கேயும் மனிதன், இங்கேயும் மனிதன். அங்கேயும் ஆற்றைத் திருப்பினான், இங்கேயும் திருப்பினான். ஏன் ஓர் இடத்தில் மருதம், ஓர் இடத்தில் பாலை?" நானே பதிலும் சொல்கிறேன். அங்கே கணக்குப் போட்டவர்கள் மீனை விடப் பருத்தி லாபம் என்று எழுதினார்கள். கடல் சுருங்கும் என்பது அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் கணக்குப் போட்ட மேஜை இருந்தது மாஸ்கோவில், ஆறு முடிகிற இடத்தில் இருந்தவனுக்கு அந்த மேஜையில் நாற்காலி இல்லை. கடைசியில் நிற்கிறவனைக் கணக்கில் விட்டார்கள், கடலே கணக்கை விட்டுப் போனது. (பலத்த கைதட்டல்)

1991-ல் சோவியத் யூனியன் கலைந்தது. ஒரு தேசத்து ஆறு பல தேசத்து ஆறானது, பங்காளிச் சண்டையும் கூடவே வந்தது. ஆனால் ஒரு நல்ல சேதி. 2005-ல் கஜகஸ்தான், உலக வங்கிக் கடனோடு, ஆரலின் வடபகுதியைக் காக்க கோக்-ஆரல் என்ற அணையைக் கட்டி முடித்தது. வடக்கே தண்ணீர் ஏறியது, மீன் திரும்பியது, வலை திரும்பியது. தெற்குப் பகுதிக்கு அந்தப் பாக்கியம் இல்லை. கெடுத்தவனும் மனிதன், ஒரு மூலையையாவது மீட்டவனும் மனிதன். மண் இரண்டு தடவையும் வாய் திறக்கவில்லை.

இதை ஏன் சுருளிப்பட்டியில் வந்து சொல்கிறேன்? நான் பரமக்குடிப் பக்கத்துக்காரன், வைகையின் கடைமடை. எங்க கண்மாய்க்கு ஆற்றுத் தண்ணீர் வந்தால் அன்றைக்குத் தேர்த் திருவிழா. வராத வருஷங்களில் எங்க ஊர்ப் பிள்ளைகள் பிழைக்கப் பஸ் ஏறுவார்கள். இந்தத் தண்ணீரை முதலில் கனவு கண்ட முத்திருளப்ப பிள்ளை எங்க சீமைக்காரர். கனவு கண்டது கடைமடை, பந்தல் போட்டது தலைமடை. பொறாமையில் சொல்லவில்லைங்க, உரிமையில் சொல்கிறேன். பக்கத்துத் தோட்டத்தில் 500 அடிக்கு ஆழ்குழாய் போட்டால் நாம் 600 அடி போகிறோம். அப்போது கீழே இருப்பவனை ஒரு நிமிஷம் நினைக்கணும். மலைக்கு அந்தப் பக்கத்துக்காரரும் மனுஷர்தான். அணையில் 142 அடி தேக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2014-ல் சொல்லிவிட்டது. தீர்ப்பு சட்டத்தை முடிக்கும், மனசை முடிக்காது. அவர்களுடைய பயத்தையும் நம்முடைய பசியையும் ஒரே மேஜையில் வைத்துப் பேசத்தான் வேண்டும்.

மணி அடித்துவிட்டார் நடுவர், முடிக்கிறேன். நிலத்தின் பெருமையை அங்கே வாழ்கிறவர்களை வைத்துத்தான் அளக்க வேண்டும் என்று புறநானூற்று ஔவை நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். மண் குற்றம் செய்யாது, மண்ணுக்குப் புகழும் வேண்டாம். ஆக்கினாலும் அழித்தாலும் பொறுப்பு மனிதனுடையது. மண்தான் காரணம் என்று தீர்ப்புச் சொன்னால், மொய்னாக்கின் மீனவனுக்கு யார் பதில் சொல்வது? எங்க கடைமடைக்காரனுக்கு யார் பதில் சொல்வது? அந்தப் பொறுப்பிலிருந்து நாம் நழுவிவிடாதபடி, 'மனிதனே' என்று தீர்ப்புச் சொல்லுங்கள் என்று கேட்டு விடைபெறுகிறேன்.

(நீண்ட கைதட்டல்)