கோட்டை வாயிலில் இரு கயல்கள்

கொழும்பிலிருந்து திருகோணமலைக்குப் புகைவண்டியில் வருவோர் சீனன்குடாவைக் கடந்தே நகரை அடைகின்றனர். அங்குள்ள விமானத் தளத்தையும் எண்ணெய்க் குதங்களையும் பற்றி எழுதாத பத்திரிகை இல்லை. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் குண்டு பொழிந்தது முதல், 2022 ஜனவரியில் குதங்கள் தொடர்பாக இந்தியாவுடன் உடன்படிக்கை கைச்சாத்தானது வரை, இத்துறைமுகம் யாருக்கு உரியது என்ற வினாவே செய்தியாகி வந்துள்ளது. அவ்வினாவுக்கு முன்னொரு காலத்தில் முத்திரைகளே விடையாக இருந்தன. அத்தகைய முத்திரை ஒன்று நகரின் பிரெட்றிக் கோட்டை வாயிலில் இன்றும் உள்ளது.

கோணேசர் ஆலயம் செல்லும் அடியார்கள் அவ்வாயிலினூடாகவே நடக்கின்றனர். மேலே பிரித்தானிய அரச இலச்சினை. பக்கச் சுவரில் இணைக்கயல்களும் சிதைந்த தமிழ் வரிகளும். பலர் மேலே பார்க்கிறார்கள். பக்கத்தில் பார்ப்பவர் சிலரே.

1620களில் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா பழைய ஆலயத்தை இடித்து, அதன் கற்களைக் கொண்டே கோட்டையை எழுப்பினான். 1639இல் ஒல்லாந்தரும் 1795இல் ஆங்கிலேயரும் அதைக் கைப்பற்றினர். ஆலயக் கற்கள் கோட்டைக்குள் சென்றமைக்கு வேறு சான்றும் உண்டு. சோடகங்கன் என்பானைக் குறிப்பிடும், 1223ஆம் ஆண்டுக்குரிய சமஸ்கிருதச் சாசனம் பொறித்த கதவுநிலைத் தூண் ஒன்று கோட்டையினுள் கண்டெடுக்கப்பட்டது.

இனி, கயல்களுக்கு வருவோம். கயல் பாண்டியர் சின்னம் என்பதைப் பள்ளிப் பிள்ளையும் அறியும். ஆயினும் சோழர் செப்பேட்டு முத்திரைகளிலும் இணைக்கயல்கள் உண்டு. அங்கே அவை புலியின் அருகே, வென்ற நாட்டின் அடையாளமாக அமர்ந்திருக்கும். திருகோணமலையில் சோழராட்சி நிலவியதற்கு மானாங்கேணி, நிலாவெளிச் சாசனங்கள் சான்று. ஆனால் கோட்டை வாயிலில் புலி இல்லை, வில்லும் இல்லை. ஆகவே பாண்டியரை நினைப்பதே இயல்பு. சடையவர்மன் வீரபாண்டியன் ஈழத்தை வென்று, சாவகன் மைந்தனைப் பணியச் செய்து, கோணமலையில் இருகயற் கொடியை நாட்டியதாக அவனது குடுமியான்மலைச் சாசனம் கூறுகிறது. காலம் 13ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி.

இவ்விடத்தில் நம்மவர் பலர் அவசரப்படுவதுண்டு. மெய்க்கீர்த்தி பேசுவது கொடியை. வாயிலில் இருப்பது கல். இரண்டையும் ஒன்றெனக் கொள்ள இடமுண்டு, நிறுவிவிட்டோம் எனக் கூற இடமில்லை. இணைக்கயல் எட்டு மங்கலப் பொருள்களிலும் ஒன்று என்பதை மறக்கலாகாது. அருகிலுள்ள வரிகளோ குளக்கோட்டன் திருப்பணியைப் பறங்கி பிரிப்பான் என்ற வாய்மொழித் தீர்க்கதரிசனத்தைக் கொண்டு நிரப்பப்பட்டே வாசிக்கப்படுகின்றன. எஞ்சிய எழுத்துகள் மிகச் சில. பறங்கியைப் பெயர் சொல்லும் வரி, பறங்கி வந்தபின் எழுதப்பட்டிருக்கலாம் என்று ஐயுறுவது பக்திக் குறைவன்று.

இந்த ஐயம் எழுந்தால் நமது உரிமை குன்றிவிடும் என அஞ்சுவோர் உளர். எனக்கு அவ்வச்சம் இல்லை. சோடகங்கன் சாசனத்தையும் மானாங்கேணிக் கல்லையும் வைத்துக்கொண்டு, உறுதியற்ற ஒன்றின்மீது முழுப் பாரத்தையும் ஏற்றுவானேன்? பிழையான ஒரு வாதம் போதும், சரியான ஒன்பதையும் எதிர்த்தரப்பு தள்ளிவிட.

அஞ்ச வேண்டியது வேறொன்றுக்கு. திறந்தவெளியில் நிற்கும் அக்கல்லைக் கடற்காற்று ஓயாமல் அரிக்கிறது. எழுத்துகளைத் தேர்ந்த கல்வெட்டறிஞர்கள் புதிய ஒளிப்பட முறைகளால் படியெடுத்து வெளியிட்டால், வாதிடுவோர் இரு தரப்பினருக்கும் பார்ப்பதற்கு ஏதேனும் எஞ்சியிருக்கும்.