ஷெர்லி: வாரிசுக்கென்று வைத்திருந்த பெயர்

1950களின் இறுதியில், அமெரிக்காவின் புகழ்பெற்ற பெண்களைத் தொகுத்த நூலொன்றில் ஷெர்லி போவிச்சின் பெயரும் ஏறிவிட்டது. ‘வாஷிங்டன் போஸ்ட்’ நாளிதழில் பல பத்தாண்டுகள் விளையாட்டுப் பத்தி எழுதிய அவர் ஆண். பிள்ளைகளைப் பெற்று வளர்த்த தகப்பன். பெயரைப் பார்த்த மாத்திரத்தில் பெண் என்று முடிவுகட்டிவிட்டார்கள். அதற்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பு, இதே பெயரைக் கேட்ட எவருக்கும் பெண் நினைவே வந்திராது.

ஷெர்லி முதலில் ஆள் பெயரே அல்ல, ஊர்ப் பெயர். பழைய ஆங்கிலத்தில் ‘ஷீர்’ என்றால் ஒளிமிக்க. ‘லேயா’ என்றால் காட்டுக்குள் மரம் வெட்டித் திருத்திய வெளி. வெயில் இறங்கும் திறந்த நிலம் என்று பொருள் கொள்ளலாம். இங்கிலாந்தின் டெர்பிஷயரில் ஒரு ஷெர்லி உண்டு. குராய்டன் பக்கத்தில் இன்னொன்று. டெர்பிஷயர் ஷெர்லியின் நிலக்கிழார்கள் ஊர்ப் பெயரையே குடும்பப் பெயராக்கிக்கொண்டார்கள். அப்படிப்பட்ட குடும்பப் பெயர்களை மகன்களுக்கு முதற்பெயராகச் சூட்டுவது ஆங்கில மேட்டுக்குடி வழக்கம். தாய்வழிச் சொத்தோ பெருமையோ இருந்தால் அந்தப் பெயரும் மறையாமல் தொடர வேண்டும் என்பது கணக்கு. ஆக, ஷெர்லி என்பது வாரிசுப் பெயர், அதனாலேயே ஆண்பெயர்.

இந்தக் கணக்கைக் கலைத்தவர் சார்லட் பிராண்டி. 1849 அக்டோபரில் வந்த ‘ஷெர்லி’ நாவலில் யார்க்ஷயர் நிலக்கிழார் தம்பதி ஆண் குழந்தைக்காகக் காத்திருக்கிறார்கள். பிறப்பது ஒரே ஒரு மகள். மகனுக்கென்று வைத்திருந்த குடும்பப் பெயரை அவளுக்கே சூட்டிவிடுகிறார்கள். பெயரோடு நிலமும் வருகிறது, ஆலைக்கட்டடமும் வருகிறது. அந்த ஆலையைக் குத்தகைக்கு எடுத்தவன் அவளிடம்தான் வாடகை கட்ட வேண்டும். ஷெர்லி கீல்டர் என்ற அவள் தன்னைக் ‘கேப்டன் கீல்டர்’ என்று சொல்லிக்கொண்டு திரிகிறாள். கதை நடப்பது 1811–12இல், தறி எந்திரங்களைத் தொழிலாளர்கள் உடைத்த நாட்களில். கதைத்தலைவி நுழைவதோ பத்து அத்தியாயம் தாண்டிய பிறகு. நுழைந்ததும் நாவலுக்கே தெம்பு வந்துவிடுகிறது.

இதை எழுதிக்கொண்டிருந்தபோதுதான் சார்லட் தம்பியையும் இரண்டு தங்கைகளையும் ஒன்பதே மாதங்களில் பறிகொடுத்தார். தங்கை எமிலி நலத்தோடும் வசதியோடும் இருந்திருந்தால் எப்படி இருந்திருப்பாளோ அதுவே ஷெர்லி என்று அவர் சொன்னதாக, 1857இல் அவரது வாழ்க்கை வரலாற்றை எழுதிய எலிசபெத் கேஸ்கெல் பதிவு செய்திருக்கிறார். எமிலிக்கு நெருங்கிய வட்டத்தில் ‘மேஜர்’ என்ற பட்டப்பெயரும் இருந்தது. சகோதரிகள் மூவருமே கரர், எல்லிஸ், ஆக்டன் என்று ஆணா பெண்ணா எனப் பிடிபடாத பெயர்களில்தான் நூல் வெளியிட்டார்கள். பெயருக்குப் பின்னால் என்னென்ன உரிமைகள் இருக்கின்றன என்று அனுபவித்தே அறிந்தவர் சார்லட். அதனால்தான் அந்தப் பெயர்சூட்டலைப் பெற்றோரின் வெறும் ஆசையாக அவர் விட்டுவிடவில்லை.

நாவலுக்குப் பிறகு பெண் குழந்தைகளுக்கு இந்தப் பெயர் மெல்ல மெல்ல ஏறியது. ஆண்கள் உடனே விட்டுவிடவில்லை. கனடா எழுத்தாளர் எல்.எம். மாண்ட்கோமரியின் கதைத்தலைவி ஆன் ஷெர்லி தன் பிறந்தவீட்டுப் பெயரைத் தன் மகன் ஒருவனுக்கே வைக்கிறாள்.

பிறகு வந்தார் ஷெர்லி டெம்பிள். 1928இல் பிறந்த இந்தக் குழந்தை நட்சத்திரம் 1934இல் உலகப் புகழ் பெற்றார். 1935லும் 1936லும் அமெரிக்காவில் பெண் குழந்தைகளுக்கு அதிகம் சூட்டப்பட்ட பெயர்களில் ஷெர்லிக்கு இரண்டாமிடம். சுருட்டை முடியும் குழிவிழும் கன்னமும் வந்து சேர்ந்ததும் கேப்டன் கீல்டர் காணாமலே போனார். நம் தென்மாவட்டக் கிறித்தவக் குடும்பங்களுக்கு வந்ததும் இந்தப் பெண்பெயர்தான். அந்த வீடுகளின் ஷெர்லி டீச்சர்களுக்கும் ஷெர்லி அக்காக்களுக்கும் பின்னால் ஒரு யார்க்ஷயர் நிலக்கிழாரின் மகன் ஆசை இருக்கிறது என்று சொன்னால் நம்புவது கடினம்.

தமிழில் ‘அன்’ ஈறு நின்றால் ஆண் என்று தெரிந்துவிடும். அருள், மதி, அன்பு போன்ற ஈறில்லாப் பெயர்கள் இருபாலுக்கும் செல்லும். ஆங்கிலத்தில் ஷெர்லிக்கு அப்படி ஒரு ஈறும் இல்லை. யார் தாங்கினார்களோ அவர்களின் பால் பெயருக்கும் ஒட்டிக்கொண்டது. வழியும் பெரும்பாலும் ஒருவழிதான். ஆண்பெயரை மகளுக்கு வைக்கத் துணிந்த பெற்றோர் உண்டு. அந்தப் பெயர் மகள்களிடம் பரவிய பின் மகனுக்கு வைக்க முன்வந்தவர்கள் மிகச் சிலர். பெண் தொட்ட பெயரால் மகனுக்கு இழுக்கு என்ற எண்ணம் இதில் ஒளிந்திருக்கிறது; அது வருத்தம் தருகிறது. ஆனாலும், 1930இல் யார்க்ஷயரின் ஹாலிஃபாக்ஸில் பிறந்த மல்யுத்த வீரர் ஷெர்லி கிராப்ட்ரீ, தந்தையிடமிருந்து பெற்ற அதே பெயரைக் கடைசிவரை வைத்திருந்தார். மேடையில் மட்டும் அவர் ‘பிக் டாடி’.

ஷெர்லி நடந்த தடத்திலேயே ஆஷ்லியும் வந்தது. அதுவும் ‘லேயா’வில் முடியும் ஊர்ப் பெயர், ஆஷ் மரக் காட்டு வெளி. 1936இல் வந்த ‘கான் வித் த விண்ட்’ நாவலின் ஆஷ்லி வில்க்ஸ் போர்க்களம் போய்த் திரும்பும் ஆண். 1991லும் 1992லும் அமெரிக்கப் பெண் குழந்தைகளின் பெயர்ப் பட்டியலில் முதலிடம் ஆஷ்லிக்கு.