ஹெரால்டு திறந்த கார்: வீட்டுக் கொட்டகையில் மறுசீரமைப்பு

டிரையம்ப் ஹெரால்டு, பிரிட்டனின் ஸ்டாண்டர்டு-டிரையம்ப் நிறுவனம் 1959 முதல் 1971 வரை தயாரித்த சிறு கார். செடான், கூப்பே, எஸ்டேட், திறந்த கார் என்று பல வடிவங்களில் 5 லட்சத்துக்கும் மேல் விற்றது. இதன் இந்தியப் பதிப்பு ஸ்டாண்டர்டு ஹெரால்டு. 1961 முதல் சென்னையை அடுத்த வண்டலூர், பெருங்களத்தூர் பகுதியில் தயாரானது. கூரைத் துணியை மடித்துவிட்டு ஓட்டும் திறந்த ஹெரால்டு, துருவேறிக் கிடந்தாலும் வீட்டுக் கொட்டகையிலேயே மீட்டுவிடலாம் என்று பெயரெடுத்தது. அதன் கட்டுமானமே காரணம்: தனிச் சேஸ், அதன்மேல் போல்ட் போட்டு முடுக்கிய பாடி.

தோற்றம்

1950களில் கார் நிறுவனங்கள் பலவும் சேஸைக் கைவிட்டு, பாடியையே தாங்குசட்டமாக ஆக்கும் முறைக்குப் போய்க்கொண்டிருந்தன. ஹெரால்டு எதிர்த்திசையில் போனது. விரும்பிப் போனதல்ல. ஸ்டாண்டர்டு நிறுவனத்துக்குப் பாடி செய்துகொடுத்துவந்த ஃபிஷர் அண்டு லட்லோ 1953இல் போட்டியாளரான பிஎம்சியின் கைக்குப் போய்விட்டது. முழு பாடியை ஒரே இடத்தில் அடித்துத் தர ஆள் இல்லாததால், தகடுகளைப் பல ஆலைகளில் தனித்தனியாகச் செய்து வாங்கிப் பூட்டுவதுதான் வழி என்றானது. பொறியாளர் ஹாரி வெப்ஸ்டர் இத்தாலிய வடிவமைப்பாளர் ஜொவானி மிக்கெலோத்தியை அழைத்துவந்தார். பானெட் முன்பக்கமாக முழுசாகச் சாயும். எஞ்சினும் முன்சக்கரங்களும் அப்படியே வெளியே தெரியும். குனிந்து முதுகொடியாமல் சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். 7.6 மீட்டர் வட்டத்துக்குள் வண்டியைத் திருப்பிவிடலாம் என்பது அந்தக் காலத்தில் பெரிய விளம்பரம்.

திறந்த வடிவம் 1960இல் வந்தது. முதலில் 948 சிசி, 1961 முதல் 1147 சிசி, 1967 முதல் 1296 சிசி என்று எஞ்சின் வளர்ந்தது. ஸ்பிட்ஃபயர், விட்டெஸ், ஜிடி6 ஆகிய கார்களும் இதே வழிவந்தவை. எனவே பல உதிரிகள் ஒன்றுக்கொன்று பொருந்தும். இந்தக் குடும்பக் கார்களுக்காக 1977இல் தொடங்கிய டிரையம்ப் ஸ்போர்ட்ஸ் சிக்ஸ் கிளப் இன்றும் இயங்குகிறது. அறுபது ஆண்டு கடந்த காருக்குப் புது மட்கார்டும் பிரேக் சிலிண்டரும் கிடைப்பது இத்தகைய கூட்டுறவால்தான்.

சென்னையில்

ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா 1948இல் தொடங்கியது. 60களின் இந்தியச் சந்தையில் அம்பாசடர், ஃபியட், ஹெரால்டு மூன்றுதான் கதி. அதில் சென்னையின் சொந்தப் பிள்ளை ஹெரால்டு. பிரிட்டனில் எஞ்சின் பெருத்துக்கொண்டே போக, இங்கே 948 சிசியோடு நின்றது. ஆனால் பிரிட்டனில் இல்லாத நான்கு கதவு ஹெரால்டு இங்கே வந்தது. தாய் நிறுவனம் ஸ்டாண்டர்டு என்ற பெயரை 1963இல் கைவிட்ட பிறகும் அந்தப் பெயர் சென்னையில் உயிரோடு இருந்தது. ஹெரால்டுக்குப் பின் கெஜல் 1972இல் வந்தது. ஸ்டாண்டர்டு 2000 என்ற பெரிய கார் 1985இல் வந்து, நிறுவனத்தை முடித்துவைத்தது.

இங்கே ஓடியவை பெரும்பாலும் மூடிய கூரைக் கார்கள். ஹெரால்டு செடானின் கூரையும் போல்ட்டில்தான் நிற்கிறது. அதைக் கழற்றி, துணிக்கூரைச் சட்டமும் திறந்த காருக்குரிய கண்ணாடி மேல்விளிம்பும் பொருத்தினால் திறந்த கார் ஆகிவிடும். உலகெங்கும் பலர் அப்படி மாற்றியிருக்கிறார்கள். வாங்க நினைப்பவர், கார் பிறப்பிலேயே திறந்த காரா என்பதை முதலில் சோதிக்க வேண்டும். சேஸ் எண்ணும் பாடி எண் தகடும் பதிவுச் சான்றிதழோடு ஒத்துப்போகாவிட்டால், பிற்பாடு எவ்வளவு பெயின்ட் அடித்தும் பயனில்லை.

கழற்றுதல்

வீட்டில் செய்பவர்களில் பலர் தோற்பது இந்தக் கட்டத்தில்தான். கழற்றுவது எளிது, ஒரு வார இறுதியில் பானெட், கதவுகள், டிக்கி மூடி, சீட் எல்லாம் வெளியே வந்துவிடும். மறுபடி பூட்டும்போதுதான் எந்த வாஷர் எங்கே இருந்தது என்ற கேள்வி வரும். ஹெரால்டில் இது வெறும் ஒழுங்குப் பிரச்சினையல்ல. பாடிக்கும் சேஸுக்கும் நடுவே, போல்ட் இறங்கும் ஒவ்வோர் இடத்திலும் மெல்லிய தகடுகள் அடுக்கப்பட்டிருக்கும். கதவுக்கும் பாடிக்கும் உள்ள இடைவெளியைத் தீர்மானிப்பது அவைதான். ஓரிடத்தில் ஒரு தகடு கூடினால் கதவின் பின்விளிம்பு மேலேறும். குறைந்தால் பூட்டு கொக்கியில் இடிக்கும். ஒவ்வொரு போல்ட்டையும் அதன் தகடுகளோடு தனிப் பையில் போட்டு, எழுதி ஒட்டி, படமும் எடுத்து வைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இந்தக் காரின் பாடி முன்பாதி, பின்பாதி என்று இரண்டு. கூரை இருந்தால் அது இரண்டையும் இணைத்துப் பிடித்திருக்கும். திறந்த காரில் அந்தப் பிடிப்பு இல்லை. துருவேறிய பாடியை அப்படியே தூக்கினால் கதவு வாசலில் மடங்கும். ஆகவே தூக்குமுன் இரு கதவு வாசல்களிலும் இரும்புக் குழாயைக் குறுக்கே வைத்து ஸ்பாட் வெல்டிங் அடித்துக்கொள்வார்கள். பிறகு நான்கு பேர் போதும், கிரேன் வேண்டியதில்லை.

துருவும் தகடும்

முதலில் போவது தரைத்தகடு; அடுத்து பேட்டரித் தட்டு, கதவின் அடிவிளிம்பு, டிக்கித் தரை, முன்கண்ணாடிச் சட்டத்தின் கீழ்மூலைகள். சேஸின் நடுத்தண்டு கனமானது. அதிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள்தான் முதலில் அரிக்கும். ஹெரால்டின் வெளிப்புறப் படியோரத் தகடு எடை தாங்குவதில்லை. போல்ட்டைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிது போடலாம். இதே தகடு ஸ்பிட்ஃபயரில் பாடியின் பலத்தில் பங்கெடுப்பது. அங்கே வெட்டுமுன் அளந்து முட்டுக்கொடுத்தாக வேண்டும். ஒரு காரின் வழிமுறையை மற்றதற்கு அப்படியே எடுத்துக்கொண்டால் கெட்டுப்போகும் இடம் இது.

நம்மூர் டிங்கரிங் பட்டறைகளின் கைத்திறன் பெரியது. அச்சு இல்லாமலே சுத்தியலும் மரக்கட்டையும் வைத்து மட்கார்டு வளைவை எடுத்துவிடும் மேஸ்திரிகள் இன்னும் இருக்கிறார்கள். அதே பட்டறைகளில்தான் ஓட்டைமேல் தகடு ஒட்டி, விரல் கனத்துக்குப் பட்டி பூசி மூடும் பழக்கமும் இருக்கிறது. ஒரு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி பாடி நெடுகப் பிடித்துப் பார்த்தால் அது எங்கே ஒட்டவில்லையோ அங்கே உள்ளது பட்டி. வாங்கும்போதும் பார்க்க வேண்டும், பட்டறையிலிருந்து வண்டி திரும்பும்போதும் பார்க்க வேண்டும். உதிரிகளுக்குச் சென்னையில் புதுப்பேட்டையும் ஜி.பி. ரோடும் உண்டு, ஆனால் ஹெரால்டு உதிரி நாளுக்கு நாள் அரிதாகி வருவதால் பிரிட்டனிலிருந்து வரவழைப்பதுதான் பலருக்கும் முடிவாகிறது.

அடிப்பகுதியும் எஞ்சினும்

முன்சக்கரத்தைத் தாங்கும் நேர்த்தண்டின் அடிமுனை மரையிட்டது. அது வெண்கலத்தால் ஆன டிரன்னியன் என்ற கட்டைக்குள் திருகி நிற்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது அந்த மரைக்குள் சுழலும். நிறுவனம் இதற்குச் சொன்னது கியர் எண்ணெய். பார்க்க கிரீஸ் நிப்பிள் போலவே இருப்பதால் பட்டறைகளில் கிரீஸ் அடித்துவிடுவார்கள். கிரீஸ் மரையின் அடிவரை இறங்காது. அங்கே தண்ணீர் தேங்கி இரும்புத் தண்டு உள்ளுக்குள்ளேயே அரிக்கும், வெளியே எதுவும் தெரியாது. பிறகு ஒருநாள் தண்டு முறிந்து சக்கரம் உள்பக்கம் மடங்கும். கைவிடப்பட்டுக் கிடந்த ஹெரால்டை எடுத்தால், ஸ்டார்ட் ஆகிறதா என்று பார்ப்பதற்கு முன்னே இதைத்தான் திறந்து பார்க்க வேண்டும். 90 எண் கியர் எண்ணெய் போதும், விலை அற்பம்.

எஞ்சின் முரட்டு வார்ப்பிரும்பு. எந்த லேத் பட்டறையிலும் ரீபோர் செய்யலாம். அதன் பலவீனம் கிராங்க் தண்டை முன்பின் நகராமல் பிடிக்கும் பிறைவடிவ வாஷர்கள். அவை தேய்ந்தால் நழுவி ஆயில் தொட்டிக்குள் விழுந்துவிடும். பிறகு கிராங்க் பிளாக்கையே அரைக்கும். ஒருவர் கிளட்சை மிதிக்க, மற்றவர் முன்புறப் புல்லியைக் கவனித்தால் தெரிந்துவிடும். கண்ணுக்குத் தெரிகிற அளவு அது முன்னே நகர்ந்தால் எஞ்சினை இறக்கியாக வேண்டும்.

பின்சக்கரங்கள் தனித்தனியே ஆடுபவை. இரண்டையும் தாங்குவது குறுக்கே படுத்த ஒற்றைப் பட்டைவில். வளைவில் வேகமாக வந்து திடீரென ஆக்சிலேட்டரை விட்டால் சக்கரம் உள்ளே மடியப் பார்க்கும். மறுசீரமைப்பு இந்தக் குணத்தை மாற்றாது. ஓட்டுநர்தான் மாற வேண்டும்.

ஒயரிங்கில், பழைய ஹெரால்டுகளில் பேட்டரியின் நேர்முனைதான் பாடியோடு இணைந்திருக்கும். இன்றைய ரேடியோவையோ சார்ஜரையோ யோசிக்காமல் மாட்டினால் கருகும். லூக்காஸ் நிற முறை தெரிந்தால் பாதி வேலை முடிந்தது: கறுப்பு பாடிக்கு, பழுப்பு பேட்டரியிலிருந்து ஃபியூஸ் இல்லாமல் வருவது, வெள்ளை சாவி வழி, பச்சை சாவி வழி வந்து ஃபியூஸ் கடந்தது. பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலப்பது நாடெங்கும் வந்துவிட்டதால் பழைய ரப்பர் குழாய்களும் பம்ப் சவ்வும் இளகிக் கசியும். எத்தனால் தாங்கும் குழாய்களை மாற்றிய பிறகே டேங்க்கில் பெட்ரோல் ஊற்றுவது நல்லது.

கூரைத்துணி

ஹூட் துணியை இழுத்து ஒட்டுவது வெயிலுக்கான வேலை. வினைல் சூட்டில் இளகி நீளும், ஆறும்போது இறுகும். சென்னையில் ஏப்ரல் மாதம் மொட்டைமாடியில் காய வைத்த துணி, சட்டத்தில் சுருக்கமில்லாமல் உட்காரும். நோர்வேயின் ஹம்மர்பெஸ்ட்டில் நிலைமை வேறு. 70 பாகை வடக்கே, நவம்பர் பின்பகுதியிலிருந்து ஜனவரி பின்பகுதி வரை சூரியன் தொடுவானத்துக்கு மேலே வருவதே இல்லை. கோடையில் இரவே இல்லாத வாரங்கள் உண்டென்றாலும் காற்றில் சூடு இராது. அங்கே கொட்டகையைச் சூடேற்றாமல் ஹூட்டும் ஒட்டாது, பெயின்டும் உலராது. அந்த ஊர் இருக்கும் பின்மார்க் பகுதியின் கரையோர மீன் ஆலைகளுக்கு வேலை தேடிப் போன ஈழத்தமிழர் இந்தக் குளிரை நன்கறிவர். மாறாக, எட்டு மாதக் குளிரில் கொட்டகைக்குள் அடைந்திருப்பவருக்குப் பொறுமையும் நேரமும் கிடைக்கின்றன. நோர்வேயில் பழைய கார்ப் பிரியர்கள் இத்தனை பேர் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். கடலோர உப்புக்காற்று இரண்டு ஊருக்கும் பொது.

சட்டம்

நோர்வேயில் 30 வயது கடந்த வாகனம் பழமை வாகனமாகக் கொள்ளப்படுகிறது. இந்தியாவில் 2021இல் மோட்டார் வாகன விதிகளில் சேர்த்த திருத்தத்தின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்திருக்க வேண்டும். பதிவு எண்ணில் மாநில எழுத்துகளுக்குப் பின் விஏ என்ற எழுத்துகள் வரும். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், 10 ஆண்டுக்குச் செல்லும்; மறுபதிவுக்கு 5,000 ரூபாய். இந்த எண் பெற்ற காரை அன்றாடப் போக்குவரத்துக்கோ வாடகைக்கோ ஓட்டக் கூடாது. கண்காட்சி, பேரணி, பழுதுபார்ப்பு, எரிபொருள் நிரப்புதல் போன்றவற்றுக்கு மட்டும் சாலையில் இறங்கலாம்.

அந்த விதியில் இன்னொரு நிபந்தனை இருக்கிறது: கார் அதன் மூல வடிவிலேயே இருக்க வேண்டும், சேஸிலோ பாடியிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. திறந்த ஹெரால்டாகவே பிறந்த காருக்கு இதில் சிக்கலில்லை. நல்ல நிலையில் உள்ள சென்னைச் செடான் ஒன்று கிடைத்தால், போல்ட் எளிதில் கழன்றுவருகிறது என்பதற்காக அதன் கூரையை எடுக்க வேண்டாம்.