குடியை விட்டவன் குடிகாரனைத் தேடிப்போன வரலாறு



புத்தாண்டு விழா, பிறந்தநாள், சாமத்தியவீடு எண்டு எதுவாக இருந்தாலும் மண்டபத்துக்கு உள்ளே பிள்ளைகளின் நடனம் நடக்கும். வெளியாலே கார் டிக்கியைச் சுற்றி ஒரு கூட்டம் நிற்கும், கையில் பிளாஸ்ரிக் கப்போடு. அந்தக் கூட்டத்தில் நானும் நின்றவன்தான். இப்போது ஐந்து வருடமாக நிற்பதில்லை. மூன்று வருடமாக வாரத்தில் ஒரு பின்னேரம், குடியை விட முயற்சி செய்கிறவர்களோடு கதைக்கப் போகிறேன். இந்த நாட்டில் இதைச் செய்கிறவனைப் 'பியர்' என்கிறார்கள். (தமிழில் எழுதினால் போத்தலில் இருக்கிற பியருக்கும் அதே எழுத்துத்தான்! இதைச் சொல்லிச் சிரிக்காத தமிழாளை நான் இன்னும் காணவில்லை.) டொக்டருமில்லை, சமூகசேவையாளருமில்லை. தானும் அதே சேற்றில் கிடந்து எழும்பினவன், இப்போது கிடக்கிறவனுக்குப் பக்கத்துணையாய் இருக்கிறான், அவ்வளவுதான்.

ஏ.எல். ஓடு படிப்பை விட்டு, தொழிற்சாலையில் மெசினோடு நிற்கிற எனக்கு வரலாறு எழுத என்ன தகுதி எண்டு நீங்கள் கேட்கலாம். இது ஏதோ இந்தக் காலத்து வெள்ளைக்காரரின் புதுநாகரிகம் எண்டுதான் நானும் நினைத்திருந்தேன். தேடிப் படிக்க வெளிக்கிட்ட பிறகுதான் 180 வருடத்துக்கு மேற்பட்ட கதை எண்டு தெரிந்தது.

1840ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம். அமெரிக்காவில் பால்ரிமோர் என்ற துறைமுக நகரம். ஒரு தவறணையில் ஆறு பேர் இருந்து குடிக்கிறார்கள். தையற்காரர் ஒருவர், தச்சர் ஒருவர், கொல்லர் இருவர், குதிரைவண்டி செய்கிறவர் ஒருவர், வெள்ளிவேலை செய்கிறவர் ஒருவர். எல்லாம் எங்களைப் போல கையால் உழைக்கிற ஆட்கள். அன்று ஊரில் ஒரு பாதிரியார் மதுவிலக்குப் பற்றிப் பேசுகிறார் எண்டு கேள்விப்பட்டு, சும்மா பகிடிக்குச் சிலபேரை அனுப்பிக் கேட்டுவரச் சொன்னார்கள். போனவர்கள் திரும்பி வந்து வாதாடி, கடைசியில் ஆறு பேருமே "இனித் தொடமாட்டோம்" எண்டு கையெழுத்து வைத்தார்கள். முதல் ஜனாதிபதியின் பெயரால் 'வாஷிங்ரன் சங்கம்' எண்டு பெயரும் வைத்தார்கள். அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொருவரும் இன்னொரு குடிகாரனைக் கூட்டிவர வேண்டும் என்பது ஏற்பாடு.

அதற்கு முந்தியும் மதுவிலக்குச் சங்கங்கள் இருந்தன. ஆனால் அங்கே பேசினவர்கள் பாதிரிமாரும் கனவான்களும். குடிகாரனைத் திருத்தேலாது, அவன் செத்து முடிந்தால் அடுத்த தலைமுறையாவது தப்பும் எண்டு நினைத்தவர்களும் அவர்களுக்குள் இருந்தார்கள். இந்த ஆறு பேரின் கூட்டத்தில் பிரசங்கமே இல்லை. எழும்பி நின்று தன் கதையைச் சொல்லவேண்டும். ஜோன் ஹோக்கின்ஸ் எண்டு ஒரு தொப்பி செய்கிறவர், தனக்குச் சாராயம் வாங்கிவர அனுப்பவேண்டாம் எண்டு தன் சின்ன மகள் கெஞ்சின கதையைச் சொல்லும்போது சனம் அழுததாம். ஒரு வருடத்துக்குள் அந்த நகரில் மட்டும் ஆயிரம் குடிகாரர் அளவில் சேர்ந்துவிட்டார்கள் எண்டு எழுதிவைத்திருக்கிறார்கள். பெண்களுக்கும் தனியாகச் சங்கம் வந்தது.

1842 பெப்ரவரி 22 இல் ஸ்பிறிங்பீல்ட் நகரில் இந்தச் சங்கத்தின் கூட்டத்தில் 33 வயது வழக்கறிஞர் ஒருவர் பேசினார். பெயர் ஆபிரகாம் லிங்கன். குடிகாரனைத் திட்டித் திருத்த ஏலாது, அவனிலிருந்து வந்தவன் சொன்னால்தான் கேட்பான் எண்டார். இந்தப் பழக்கத்தில் விழாமல் தப்பினவர்கள் பெரும்பாலும் அந்த ஆசை இல்லாததால் தப்பினவர்களே தவிர, மனத்தால் உயர்ந்தவர்கள் அல்ல எண்டும் சொன்னார். சபையில் இருந்த நல்லவர்கள் சிலருக்கு அது பிடிக்கவில்லையாம். இண்டைக்கு எங்கட கோயில் மண்டபத்தில் நிண்டு இப்படிச் சொன்னால் எத்தனை பேருக்குப் பிடிக்கும்?

பத்து வருடம் முடிய முந்தியே இந்த இயக்கம் கிட்டத்தட்ட மறைந்துபோனது. மதுவைச் சட்டம் போட்டுத் தடுப்பதா இல்லையா எண்டு அரசியல் சண்டைக்குள் இழுபட்டார்கள். நிரந்தரமான கட்டுக்கோப்பும் இருக்கவில்லை. இன்னொரு காரணம்தான் என்னைக் கனநாள் யோசிக்க வைத்தது. நல்லாய்ப் பேசுகிறவர்கள் பெரிய பேச்சாளர்களாகி, ஊர் ஊராய்க் காசுக்குப் பேசித் திரிந்தார்கள். அவர்களில் மிகப் பிரபலமானவர் ஜோன் கோஃப், புத்தகம் கட்டுகிற தொழிலாளி. 1845 இல் நியூயோர்க்கில் ஒரு கிழமை காணாமல் போய், வெறியோடு ஒரு விபச்சார வீட்டில் கண்டுபிடிக்கப்பட்டார். பத்திரிகைகளுக்குக் கொண்டாட்டம்! ஒருத்தன் வழுக்கி விழுந்தது, முழு இயக்கமும் பொய் எண்டதுக்குச் சாட்சியாய்ப் போனது. (கோஃப் பிறகு எழும்பி, நாற்பது வருடமளவில் மதுவிலக்குக்காகப் பேசினார். அது பற்றிக் கதைப்பார் குறைவு.)

இனி நாங்கள் வாழுகிற சுவிற்சர்லாந்துக்கு வருவம். 1863 இல் செஞ்சிலுவை தொடங்கின அதே ஜெனீவாவில், 1877 இல் லூயி லூசியன் றொஷா என்ற பாதிரியார் நீலச்சிலுவைச் சங்கத்தைத் தொடங்கினார். போரில் காயப்பட்டவனுக்குச் சிவப்பு, குடியில் காயப்பட்டவனுக்கு நீலம்.

80களில் வந்த அண்ணைமாருக்கு அந்தக் காலத்து ஆயிரம் பிராங் தாள் ஞாபகமிருக்கும். அதில் தாடியோடு ஒரு கிழவர், பின்பக்கம் எறும்பு. அவர்தான் ஒகுஸ்ட் ஃபோரல், எறும்பு ஆராய்ச்சிக்காரர், சூரிச்சில் புர்க்ஹோல்ஸ்லி மனநோய் ஆஸ்பத்திரியின் தலைமை வைத்தியர். (எல்லாவற்றிலும் நல்லவர் எண்டு சொல்லமாட்டேன். சிலபேர் பிள்ளை பெறக்கூடாது எண்டு கருத்தடை அறுவைச் சிகிச்சையை ஆதரித்தவர்.) அவரிடம் வந்த குடிகாரர் ஒருவரும் சுகப்படவில்லை. ஆனால் யாக்கோப் பொஸ்ஹார்ட் எண்டு நீலச்சிலுவையைச் சேர்ந்த ஒரு சப்பாத்துத் தைக்கிறவரிடம் போனவர்கள் சுகப்பட்டார்கள். பேராசிரியருக்கு வெட்கமாய்ப் போச்சு. "என்னால் முடியாதது உன்னால் எப்படி முடியுது?" எண்டு போய்க் கேட்டார். "நான் குடிக்கிறதில்லை, நீங்கள் குடிக்கிறீங்கள்" என்ற கருத்தில் மறுமொழி வந்தது. ஃபோரல் தானும் முழுதாய் விட்டார். பிறகு எல்லிக்கோன் கிராமத்தில் குடிநோயாளருக்கு ஒரு இல்லம் அமைத்து, 1889 இல் அதை நடத்தும் பொறுப்பை அந்தச் சப்பாத்துத் தைக்கிறவரிடமே கொடுத்தார். படிப்பைப் பார்க்காமல் கொடுத்த வேலை. வேலை தேடி எத்தனை படி ஏறி இறங்கின எங்களுக்கு அது எவ்வளவு பெரிய விசயம் எண்டு தெரியும்.

எல்லாரும் கேள்விப்பட்ட 'அல்கஹோலிக்ஸ் அனோனிமஸ்' 1935 இல் தொடங்கினது. பில் வில்சன் நியூயோர்க்கில் பங்குச்சந்தை வேலை செய்தவர். 1934 டிசம்பரில் குடியை விட்டு, பிறகு கண்ட குடிகாரரை எல்லாம் பிடித்துப் பிரசங்கம் வைத்தார். ஒருத்தனும் திருந்தவில்லை. "நீங்களாவது குடிக்காமல் இருக்கிறீங்கள்தானே" எண்டு மனைவி லோயிஸ் சொன்னார். 1935 மே மாதம் அக்றன் என்ற நகரில் அவருடைய வியாபாரம் சரிந்துபோச்சு. ஹொட்டேல் வாசலில் தனியாய் நிற்கிறார். ஒரு பக்கம் பார், உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம். மற்றப் பக்கம் ரெலிபோன். அவர் போனை எடுத்து, கதைப்பதற்கு இன்னொரு குடிகாரன் வேணும் எண்டு ஆள் ஆளாய்க் கேட்டார். அவனுக்காக இல்லை, தனக்காக! மே 12 பின்னேரம் ஐந்து மணிக்கு அவருக்குக் கிடைத்தவர் டொக்டர் பொப் ஸ்மித், ஒரு அறுவைச் சிகிச்சை வைத்தியர். "பதினைந்து நிமிசம்தான்" எண்டு வந்தவர், இரவு பதினொரு மணி தாண்டித்தான் எழும்பினார். வில்சன் ஒரு புத்திமதியும் சொல்லவில்லை, தன் கதையை மட்டும் சொன்னார்.

ஸ்மித் உடனே விட்டுவிடவில்லை. ஒரு மாநாட்டுக்குப் போன இடத்தில் திரும்ப விழுந்தார். ஜூன் 10 காலையில் அவர் ஒரு சத்திரசிகிச்சை செய்யவேண்டும், கை நடுங்குது. நடுக்கத்தை நிறுத்த வில்சனே ஒரு போத்தல் பியர் கொடுத்தார். அதுதான் ஸ்மித்தின் கடைசிக் குடி. இதை எங்கட ஆட்கள் கவனிக்கவேணும்: கனகாலம் கடுமையாய்க் குடித்தவர் திடீரெண்டு தானாக நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிரே போகலாம். முதலில் டொக்டரிட்டைப் போகவேண்டும். நாங்கள் அதற்குப் பிறகு வருகிற ஆட்கள்.

1945 இல் வில்சன் தங்கள் பத்திரிகையில் அந்த வாஷிங்ரன் சங்கத்தின் கதையை எடுத்து எழுதினார். பேரெடுத்ததும் அரசியலுக்குள் போனதும் அவர்களை எப்படி அழித்தது எண்டு கண்டுதான், தங்கள் சங்கம் வெளி விசயம் எதிலும் கருத்துச் சொல்லாது, பத்திரிகையில் ஒருவர் பெயரும் வராது என்ற நடைமுறைகளை 1950 இல் ஏற்றுக்கொண்டார்கள். 1954 இல் யேல் பல்கலைக்கழகம் கொடுக்க வந்த கௌரவப் பட்டத்தையே வில்சன் வேண்டாம் எண்டுவிட்டார்.

எங்கட பக்கத்தில் நடந்தது வேற மாதிரி. சென்னையில் சாந்தி ரங்கநாதன், குடியால் கணவர் ரி.ரி. ரங்கநாதனை இழந்தவர். 1980 இல் அவர் தொடங்கின சிகிச்சை நிலையத்துக்கு அந்தக் கணவரின் பெயரையே வைத்தார். பெரிய குடும்பம், அந்தக் காலம்! மூடி மறைக்காமல் பெயர்ப்பலகையில் போட்டார். எத்தனையோ குடும்பங்கள் வெட்கத்தை விட்டு அங்கே வந்தன.

மறைத்ததும் உதவினது, வெளிப்படுத்தினதும் உதவினது. எங்களுக்கு எது பொருந்தும்? நான் முதலில் போன குழு இந்த நாட்டுக்காரருடையது, டொச்சில். அரைவாசிதான் விளங்கினது. பிறகு ஒரு தமிழ் அண்ணையைச் சந்தித்தேன். வாயைத் திறக்க முந்தி அவர் சொன்னது, "ஊரைச் சொல்லாதை, நானும் சொல்லமாட்டன்." எனக்குச் சிரிப்பாய் இருந்தது. நாங்கள் ஒரு தமிழனைக் கண்டால் முதல் கேள்வி எந்த ஊர், இரண்டாவது ஆரின்ர பெடியன். மூன்றாவது கேள்விக்கு முந்தி ஊருக்குப் போன் போயிடும். தங்கச்சியின் கலியாணப் பேச்சு நடக்குது எண்டதால் சிகிச்சைக்கே போகாமல் இருந்த ஒருவரை எனக்குத் தெரியும். அவர் இப்போது இல்லை. அவரைப் பற்றி இதற்கு மேல் எழுதமாட்டேன்.

இப்போது நாங்கள் இரண்டு பேர் தமிழில் கதைக்கிறோம். நான் இரவு வேலை முடிந்து காலை ஆறு மணிக்குப் பிறகு போனில் நிற்பேன், அண்ணை பின்னேரத்தில். பெண்களோடு கதைக்க இன்னும் ஒரு பெண் கிடைக்கவில்லை, அது பெரிய குறை. சங்கத்துக்குப் போன் எடுத்து "அந்தக் கட்டுரைக்காரர்" எண்டு மட்டும் சொன்னால் இலக்கம் தருவார்கள். பெயர் கேட்கமாட்டார்கள், ஊரும் கேட்கமாட்டார்கள். அதை நான் முதலே கதைத்து வைத்திருக்கிறேன்.