வெஸ்பாவின் பொறி நேரம்

வெஸ்பா பிஎக்ஸ் 200 ஸ்கூட்டருக்குக் கம்பெனி வகுத்த பொறி நேரம், பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு 23 டிகிரி முன்பு. பெரிய சிலிண்டர் பொருத்திக் கம்ப்ரஷனைக் கூட்டினால் கலவை சீக்கிரம் எரிந்துவிடும். அதே 23 டிகிரி பிஸ்டன் தலையில் ஓட்டை போடப் போதும். சத்தத்தை வைத்துக் கணிப்பது வீண் வேலை.

பிளக் துளையில் தடுப்பானைத் திருகி, ஃப்ளைவீலை இருபுறமும் முட்டும்வரை கையால் சுழற்றுங்கள். முட்டிய இரு இடங்களிலும், என்ஜின் கூட்டிலுள்ள ஒரே புள்ளிக்கு நேராக ஃப்ளைவீலில் கோடிடுங்கள். குறுகிய இடைவெளியின் நடுவே உச்சி. புது சிலிண்டருக்கு 18 டிகிரி என்றால், உச்சிக் கோட்டிலிருந்து வலஞ்சுழியாக 18 டிகிரி தள்ளி இன்னொரு கோடு.

பிளக்கை மாட்டி என்ஜினை ஓடவிட்டு ஸ்ட்ரோப் விளக்கைக் காட்டினால், அந்தக் கோடு புள்ளிக்கு நேரே அசையாமல் நிற்கவேண்டும். பொறி முந்தினால், ஸ்டேட்டர் தட்டை வலஞ்சுழியாகத் திருப்புங்கள், பிந்தினால் இடஞ்சுழியாக.