கடிவாய்

1902இல் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்ற ஆங்கிலேய இளம்பெண் வெறிநாய்க்கடி நோயால் இறந்தார். அதற்கான ஊசி அப்போதே இந்தியாவுக்கு வந்துவிட்டது. 1900 முதல் கசௌலியில் போட்டுவந்தார்கள். ஆனால் கசௌலி இமயமலைச் சரிவில் இருக்கிறது. தெற்கே கடிபட்டவர் ரயில் மாறி மாறி அங்கே போய்ச் சேர்வதற்குள் எத்தனையோ நாள் ஓடிவிடும்.

அந்தச் சாவின் துயரத்திலிருந்து எழுந்ததுதான் குன்னூர் பாஸ்டர் நிறுவனம். ஊரார் நன்கொடையோடு, அமெரிக்கச் செல்வர் ஹென்றி ஃபிப்ஸ் வைஸ்ராய் கர்சனிடம் ஒப்படைத்த பணத்திலும் ஒரு பங்கு வந்து சேர, 1907 ஏப்ரல் 6 அன்று சிகிச்சை தொடங்கியது. மலை ரயில் அப்போது குன்னூரோடு நின்றது. ஊட்டிக்குத் தண்டவாளம் நீண்டது மறு ஆண்டில்தான். மேட்டுப்பாளையத்தில் ஏறியவர் ரயில் கடைசியாக நிற்கும் ஊரில் இறங்கினால் போதும், ஊசி கிடைக்கும்.

இந்த வரலாற்றை எல்லோரும் ஊசியின் வரலாறாகவே சொல்கிறார்கள். கடிவாயை மறந்துவிடுகிறோம். நோய்க்கிருமி கடிபட்ட இடத்து நரம்பைப் பிடித்து மூளைக்கு ஏறுகிறது. காலில் கடித்தால் வழி நீளம். உதடும் கன்னமும் உச்சந்தலையும் கிழிந்தால் வழியே இல்லை என்று சொல்லலாம். தடுப்பூசி உடம்பில் எதிர்ப்பை வளர்ப்பதற்குள் கிருமி முந்திவிடும். 1885 ஜூலை 4 காலையில் கடிபட்ட ஜோசப் மைஸ்டர் என்ற பிரெஞ்சுச் சிறுவனுக்கு 14 காயங்கள். உள்ளூர் மருத்துவர் அவற்றைக் கார்பாலிக் அமிலத்தால் சுட்டபோது 12 மணி நேரம் கடந்திருந்தது. ஜூலை 6 அன்று, இந்த ஊசியை உருவாக்கிய பாஸ்டர் அவனுக்கு முதல் ஊசியைப் போடச் செய்தார். சிறுவன் பிழைத்தான். உலகம் ஊசியை நினைவில் வைத்துக்கொண்டது.

தமிழ்நாட்டிலோ 'தொப்புளைச் சுற்றி பதினாலு ஊசி' என்றாலே குழந்தைகள் நடுங்கினார்கள். கசௌலியில் டேவிட் செம்பிள் 1911இல் உருவாக்கிய மருந்து அது. செம்மறியாட்டின் மூளையில் கிருமியை வளர்த்து, கார்பாலிக் அமிலத்தால் கொன்று தயாரித்தது. பல லட்சம் பேரைக் காத்த மருந்துதான். ஆனால் மூளைத் திசு கலந்திருந்ததால் சிலருக்குப் பக்கவாதமும் கண்டது. முகம் சிதைந்து வந்தவரைக் காக்க அது பல நேரம் போதவில்லை.

1952இல் உலக சுகாதார நிறுவனம் ரேபிஸ் பயிற்சி வகுப்பைக் குன்னூரில்தான் நடத்தியது. இரண்டு ஆண்டு கழித்து, 1954 ஆகஸ்டில், ஈரானின் சஹ்னே கிராமத்தில் வெறிபிடித்த ஓநாய் ஒன்று ஒரே இரவில் 29 பேரைக் குதறியது. 18 பேருக்குத் தலையில் காயம். அவர்களில் தடுப்பூசி மட்டும் பெற்ற 5 பேரில் 3 பேர் இறந்தார்கள். தடுப்பூசியோடு, எதிர்ப்பாற்றலை ஆயத்தமாகவே கொண்ட சீரமும் பெற்ற 13 பேரில் இறந்தவர் ஒருவரே. ஓநாயின் பல் மண்டையோட்டை உடைத்து மூளையின் உறைவரை இறங்கிய சிறுவன் ஒருவனும் அந்த 13 பேரில் உண்டு. அவனுக்கு ஆறு முறை சீரம் செலுத்தினார்கள். பிழைத்துக்கொண்டான்!

அதன்பின் சீரம் கடிவாய்க்குள்ளேயே இறங்கியது. இன்று காயத்தின் ஆழத்திலும் சுற்றிலும் அதை ஏற்றுகிறார்கள். கிழிந்த முகத்தைக் கண்டதும் தைக்கத்தான் யாருக்கும் கை பரபரக்கும். ஆனால் சீரம் ஏற்றுவதற்கு முன் தைத்தால் ஊசிமுனையே கிருமியை நரம்புக்குத் தள்ளிவிடக்கூடும். தைத்தே ஆக வேண்டுமென்றால் சீரம் ஏற்றிச் சில மணி நேரம் பொறுத்து, தளர்வாகத் தைப்பார்கள்.

ஆட்டு மூளை மருந்தை இந்தியா 2004 டிசம்பரில் கைவிட்டது. தொப்புள் ஊசி போய், தோலுக்குள் 0.1 மில்லி போடும் முறைக்கு 2006இல் அனுமதி வந்தது. குன்னூரைச் சுற்றிய தேயிலைத் தோட்டங்களுக்குள் இப்போதும் கரடி வருகிறது. அது அறைந்தாலும் கடித்தாலும் பெரும்பாலும் முகமும் தலையுமே கிழிகின்றன. காட்டு விலங்கின் கடியைத் தடுப்பூசியும் சீரமும் தேவைப்படும் மூன்றாம் வகைக் காயமாகவே கொள்ள வேண்டும் என்பது விதி. கடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு முன், தோட்டத்துக் குழாயடியிலேயே சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கடிவாயைக் கழுவச் சொல்கிறார்கள் மருத்துவர்கள். ரத்தம் பீறிட்டால் மட்டும் முதலில் துணியால் அழுத்திப் பிடிக்க வேண்டும்.