மெற்றோனோம்: சொல்லும் உரிமையும்

இசை பயில்வோர் காலவேகம் பிறழாது பேணுதற்குத் துணைக்கொள்ளும் கருவி மெற்றோனோம் ஆகும். இச்சொல் இரு கிரேக்கச் சொற்களின் சேர்க்கையால் ஆக்கப்பட்டது. 'மெற்றொன்' என்பது அளவு. 'நோமொஸ்' என்பது விதி. எனவே, அளவை விதிப்பது என்பதே இதன் சொற்பொருளாம். இதனைத் 'தாளமானி' எனப் பெயர்ப்பின் பொருளில் ஒரு பாதியே புலனாகும். வெப்பமானி உள்ள வெப்பத்தை அளந்து காட்டுவது. மெற்றோனோமோ, வாசிப்போர் பின்பற்றவேண்டிய வேகத்தை விதிப்பது.

வேர்கள் தொன்மையானவையாயினும் சொல் 19ஆம் நூற்றாண்டின் ஆக்கமேயாகும். 1696இல் பிரெஞ்சு இசையறிஞர் எத்தியேன் லூலியே இதே நோக்குடன் அமைத்த ஊசற் கருவி 'குரோனோமீற்றர்' எனப் பெயர் பெற்றது. அது ஓசை எழுப்பாதது. உயரத்தாற் கையாளுதற்கு அரியது. சாதாரண ஊசலின் இயல்பே இவ்வுயரத்துக்குக் காரணம். நிமிடத்துக்கு 60 அடிப்புகள் பெற ஏறக்குறைய 1 மீற்றர் நீளமும், 40 அடிப்புகள் பெற 2 மீற்றருக்கு மேற்பட்ட நீளமும் அதற்கு வேண்டும்.

இவ்விடர்ப்பாட்டை 1814இல் தீர்த்தவர், அம்ஸ்ரடாமில் வாழ்ந்த ஜேர்மானியரான டீற்றிச் நிக்கொலாஸ் விங்கெல் ஆவார். ஊசற்றண்டின் முனையிலன்றி இடையே சுழலிடத்தை அமைத்து, அதன் இருபுறமும் எடைகளைப் பொருத்தினார். இரு எடைகளும் ஒன்றையொன்று பெரிதும் ஈடுசெய்தலாற் சிறு தண்டும் மெதுவாக அசையலாயிற்று.

ஆயின், புகழ் பிறிதொருவரைச் சென்றடைந்தது. இயந்திர இசைக்கருவிகள் செய்வதில் வல்லவரான யோகான் நெபொமுக் மெல்செல், விங்கெலின் கருவியை அறிந்து, அளவுகோடுகளைச் சேர்த்து, மெற்றோனோம் என்னும் பெயருடன் 1815இற் காப்புரிமை பெற்றார். அடுத்த ஆண்டில் அதனைப் பெருமளவில் உற்பத்தி செய்யலானார். 1817இல் பீதோவன் தம் எட்டுச் சிம்பனிகளுக்கு இக்கருவிவழி வேகம் குறித்து வெளியிட்டமை அதன் செல்வாக்கை உயர்த்திற்று. நெதர்லாந்து அறிஞர் குழுவொன்று பின்னர் மூலக் கண்டுபிடிப்பு விங்கெலுடையதே எனத் தீர்ப்பளித்தும் வழக்கு மாறவில்லை. இசையேடுகளில் இடம்பெறும் 'எம்.எம்.' என்னும் குறியீடு, 'மெல்செலின் மெற்றோனோம்' என்பதன் சுருக்கமாகவே நிலைபெற்றது.

மெல்செலின் பங்கும் புறக்கணிக்கத்தக்கதன்று. அளவுகோடின்றேல், ஓரூரில் எழுதப்பட்ட இசையின் வேகத்தைப் பிறிதோரூரில் எண்ணால் உணர்தல் இயலாது. எனினும், விதிக்கும் அளவு அவருடையது. அசையும் ஊசல் விங்கெலுடையது. சொல்லின் வரலாற்றையும் பொருளின் வரலாற்றையும் ஒன்றெனக் கொள்ளின், பெயரிட்டவர் நிலைக்க ஆக்கியவர் மறைந்துவிடுவர் என்பதற்கு மெற்றோனோம் தக்க சான்றாகும்.